மண் காத்த செம்பும் மனிதர் காத்த பண்ணும்

சீர்காழி சட்டைநாத சுவாமி திருக்கோயிலில் 2023ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் குடமுழுக்கு நிகழவிருந்தது. அதற்கான யாகசாலைப் பணிகள் ஏப்ரல் மாதத்திலேயே தொடங்கிவிட்டன. ஏப்ரல் 16ஆம் நாள், மேலைக் கோபுரத்தின் அருகே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோது உலோகம் தட்டுப்பட்டது. வேலையை நிறுத்திப் பக்குவமாக மண்ணை விலக்கிப் பார்த்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. பீடங்களும் பூசைப் பொருள்களும் கிடைத்தன. அவற்றுடன் நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் இருந்தன.

பழங்காலச் செப்பேடுகளில் பெரும்பாலும் அரசர்கள் வழங்கிய நிலதானமும் வரிநீக்கமும் ஊர் எல்லையுமே எழுதப்பட்டிருக்கும். சீர்காழிச் செப்பேடுகளிலோ தேவாரத் திருப்பதிகங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. திருஞானசம்பந்தப் பெருமான் அவதரித்த ஊர் அது. மூன்று வயதுக் குழந்தையாய்த் திருக்குளக்கரையில் நின்று அழுதபோது அம்பிகையின் ஞானப்பாலை உண்டு பாடத் தொடங்கிய தலம் அது. அத்தலத்து மண்ணே தேவாரத்தைத் தன் மடியில் வைத்துக் காத்துத் திருப்பித் தந்தது என்று கேட்ட அடியார்கள் மெய்சிலிர்த்தார்கள்.

அந்தச் சிலிர்ப்புக்கு அப்பால் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. ஒரு சமுதாயம் நிலைகுலையும் காலத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும், எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதை நம் முன்னோர் ஆழ்ந்து எண்ணியிருந்தார்கள். பொருளைக் காப்பது ஒரு கலை. அந்தப் பொருளைப் பயன்படுத்தத் தெரிந்த அறிவைக் காப்பது மற்றொரு கலை. இரண்டும் சேர்ந்து நின்ற இடங்களில் மரபு பிழைத்தது. ஒன்று தவறிய இடங்களில் மற்றதும் பயனற்றுப் போயிற்று.

பூமித்தாயின் பாதுகாப்பில்

ஆபத்துக் காலத்தில் திருமேனிகளை மண்ணுக்குள் மறைத்து வைப்பது அவசரத்தில் செய்த காரியம் என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்கு முறையான விதிகளே வகுக்கப்பட்டிருந்தன. வைணவ ஆகமங்களுள் வைகானசத்தைச் சார்ந்ததும் மரீசி முனிவர் அருளியதாகக் கருதப்படுவதுமான விமானார்ச்சன கல்பம் இதை விரிவாகக் கூறுகிறது. பகைவராலோ கள்வராலோ அச்சம் நேருமாயின், மறைவான இடத்தில் குழி அமைத்து மணலைப் பரப்ப வேண்டும். பூமிதேவியை வழிபட வேண்டும். அச்சம் நீங்கும்வரை பூமிதேவியோடு பள்ளிகொண்டருளுமாறு பெருமானிடம் விண்ணப்பம் செய்து, திருமேனியைக் கிழக்கே தலை வைத்துக் கிடத்தி, குழியை மூட வேண்டும். வழிபாடு தடைப்படாதிருக்கத் தர்ப்பையால் ஆன கூர்ச்சத்தில் ஆவாகனம் செய்து பூசையைத் தொடர வேண்டும்.

சிவாலயங்களிலும் இவ்வழக்கம் இருந்தது என்பதற்குச் சான்றுகள் பல. சீர்காழிக்கு அருகிலுள்ள திருவெண்காட்டில் 1950களின் தொடக்கத்தில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட திருமேனிகளுள் ஒன்றுதான், தஞ்சைக் கலைக்கூடத்தில் இன்று உலகமே வியந்து காணும் ரிஷபவாகன தேவர். அது 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விழுப்புரம் மாவட்டத்து எசாலத்தில் 1987இல் செப்புத் திருமேனிகளும் பூசைப் பொருள்களும் இராசேந்திர சோழன் காலத்துச் செப்பேடும் மண்ணிலிருந்து கிடைத்தன.

புதைத்தவர்கள் திரும்ப வந்து எடுக்க முடியவில்லை. அவர்கள் மக்களும் பேரர்களும் எடுக்கவில்லை. எத்தனையோ தலைமுறைகள் அம்மண்ணின்மீது நடந்து வலம்வந்து சென்றார்கள். செம்பு கெடவில்லை. கரையான் அதைத் தின்பதில்லை. இரும்பைப் போல் துருவேறி உதிர்ந்து போவதுமில்லை. மேலே பச்சைக் களிம்பு படரும்; உள்ளே வெட்டிய எழுத்து நிற்கும். எதை எதில் எழுதினால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

தில்லையில் ஓர் அறை

பொருளை மட்டும் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தில்லையின் வரலாறு உணர்த்துகிறது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறை கண்ட புராணம் அதைச் சொல்கிறது.

மூவர் பாடிய பதிகங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டு மனமுருகிய சோழ மன்னன், முழுவதையும் பெற விரும்பினான். திருநாரையூரில் பொல்லாப் பிள்ளையாரின் அருள்பெற்ற நம்பியாண்டார் நம்பியை வணங்கி வழி கேட்டான். தில்லையில் கூத்தப்பிரானின் சபைக்கு மேற்கே, மூவரின் கைஇலச்சினை இட்ட அறை ஒன்றில் ஏடுகள் உள்ளன என்று தெரிந்தது. மூவரும் வந்தால்தான் கதவு திறக்கப்படும் என்றார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து, வீதிவலமாகக் கொண்டுவந்து கதவின் முன் நிறுத்தினான் மன்னன். கதவு திறந்தது.

உள்ளே ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. எண்ணெயைச் சொரிந்து புற்றைக் கரைத்து எடுத்தபோது எஞ்சியவை சிலவே. மன்னன் கலங்கினான். இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்தோம் என்று இறைவன் அசரீரியாக அருளி அவனைத் தேற்றியதாகப் புராணம் கூறும். அவ்வாறு எஞ்சியவையே இன்று நம் கைகளில் உள்ள ஏறத்தாழ எண்ணூறு பதிகங்கள்.

அறை பத்திரமாகவே இருந்தது. இலச்சினை கெடவில்லை. திருடர் எவரும் நுழையவில்லை. ஆயினும் உள்ளிருந்த செல்வத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. பனையோலை ஏடு நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் நிற்கலாம். அதற்கும் ஆண்டுதோறும் வெளியே எடுத்துத் தூசி தட்ட வேண்டும். எண்ணெய் தடவ வேண்டும். எழுத்தில் மை பூச வேண்டும். பழுதானவற்றைப் படியெடுக்க வேண்டும். யாரும் தொடாத ஏடுதான் முதலில் அழிகிறது.

இசையைத் தேடிச் சென்ற மன்னன்

ஏடுகள் கிடைத்ததும் கதை முடிந்துவிடவில்லை. பாடல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. தேவாரம் இருபதுக்கும் மேற்பட்ட பண்களில் அமைந்தது. ஏட்டில் பண்ணின் பெயரை எழுதலாம். அது ஒலிக்கும் விதத்தை எழுத இயலாது. எனவே மன்னனும் நம்பியும் திரு எருக்கத்தம்புலியூருக்குச் சென்றார்கள். விருத்தாசலத்தை அடுத்து இன்று இராசேந்திரப்பட்டினம் என்று வழங்கும் ஊர் அது. சம்பந்தருடன் சென்று அவர் பதிகங்களை யாழில் இசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊரும் அதுவே. அவர் மரபில் வந்த ஒரு பெண்மணியிடம் அந்த இசை தங்கியிருந்தது. இறையருளால் அவரைக் கண்டறிந்து, அவரைக் கொண்டே பதிகங்களுக்குப் பண் முறை வகுத்தார்கள்.

வங்கிகளில் பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள் இருப்பது வழக்கம். அவை இருவேறு அலுவலரிடம் இருக்கும். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். தேவாரத்துக்கும் இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று தில்லை அறையில் ஏட்டில் இருந்தது. மற்றொன்று எருக்கத்தம்புலியூரில் ஒரு பெண்மணியின் கண்டத்தில் இருந்தது. அவர் இல்லாதிருந்தால், மீட்ட ஏடுகள் படிக்க மட்டுமே பயன்பட்டிருக்கும்.

கல்லில் கிடைத்த பதிகம்

நம்பியின் தொகுப்பிலும் விடுபட்டுப் போன ஒரு பதிகம், பல நூற்றாண்டுகளாகக் கல்லில் காத்திருந்தது. திருவாரூர் மாவட்டத்துக் கொரடாச்சேரிக்கு அருகே திருவிடைவாய் என்னும் தலம் உள்ளது. அங்குள்ள புண்ணியகோடிநாதர் திருக்கோயிலின் கல்வெட்டில், சம்பந்தர் அத்தலத்தின்மேல் பாடிய பதிகம் 1917இல் கண்டறியப்பட்டது. ஓலைகள் எல்லாம் அழிந்த பின்னும் சிற்பியின் உளி காத்துக் கொடுத்த பாடல் அது. அதன் பயனாகத் திருவிடைவாய் பாடல் பெற்ற தலங்களின் வரிசையில் இடம் பெற்றது.

ஒரே பாடலை ஓலையிலும் எழுதி, கல்லிலும் வெட்டி, செம்பிலும் பொறித்து, நாவிலும் ஓதி வந்தது வீண்செலவு போலத் தோன்றலாம். தீ வந்தால் ஓலை போகும், கல் நிற்கும். கோயில் இடிந்தால் கல் சிதறும். மண்ணுக்குள் செம்பு நிற்கும். ஊரே இடம்பெயர்ந்தால் எதையும் சுமந்து செல்ல முடியாது. மனப்பாடம் செய்தவர் மட்டும் பாடலோடு போவார். எந்த ஆபத்து வந்தாலும் ஏதேனும் ஒரு வழி மிஞ்சும்படி அமைந்த ஏற்பாடு இது.

ஈரவாடையின் மணம்

அறிவு எவரிடம் தங்கியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. திருவரங்கத்தில் நிகழ்ந்தது அதற்குச் சான்று.

1323இல் படையெடுப்பு நேர்ந்தபோது, உற்சவரான அழகிய மணவாளப் பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு பிள்ளை லோகாசாரியரும் அடியார்களும் தெற்கே சென்றார்கள். மதுரைக்கு அருகே சோதிக்குடியில் ஆசாரியர் பரமபதம் அடைந்தார். பெருமாள் மலைநாடு, திருநாராயணபுரம், திருமலை என்று பல இடங்களில் எழுந்தருளியிருந்து, 1371இல் திருவரங்கம் திரும்பினார். இடையில் 48 ஆண்டுகள் சென்றுவிட்டன. அப்போது திருவரங்கத்தில் வேறோர் உற்சவத் திருமேனிக்கு வழிபாடு நடந்துவந்தது. பழைய பெருமாளைக் கண்ணால் கண்டவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டார்கள். திரும்பி வந்தவர்தாம் உண்மையான அழகிய மணவாளரா என்று எவராலும் உறுதி கூற முடியவில்லை.

அந்த நிலையில், முன்னாளில் பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுத்துவந்த ஈரங்கொல்லி ஒருவர் தள்ளாத வயதில் இருப்பது தெரியவந்தது. அவருக்குக் கண்பார்வையும் இல்லை. இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, நனைந்த ஆடையின் தீர்த்தத்தைத் தமக்குத் தருமாறு அவர் வேண்டினார். இரண்டையும் சுவைத்துப் பார்த்தார். ஒன்றில் தாம் பழகிய கஸ்தூரியின் மணத்தை உணர்ந்தார். இவரே நம் பெருமாள் என்று கூவினார். அன்று முதல் அப்பெருமானுக்கு நம்பெருமாள் என்னும் திருநாமம் வழங்கலாயிற்று என்பது வைணவ மரபு. மற்றொரு திருமேனி திருவரங்க மாளிகையார் என்ற பெயரில் இன்றும் பூசிக்கப்படுகிறது.

வேதம் வல்லவர்கள் நிறைந்த ஊரில், ஆடை வெளுக்கும் தொழிலாளி ஒருவரின் நாவே சான்றாக நின்றது. பல்லாண்டுகள் நாள்தோறும் செய்த தொழில் அவர் உடலில் பதிந்து கிடந்தது. அதை எந்த ஏட்டிலும் எழுதி வைத்திருக்க முடியாது. அந்த முதியவர் இன்னும் சில ஆண்டுகள் முன்னதாக மறைந்திருந்தால், பெருமான் வந்தும் அடையாளம் காண ஆள் இருந்திருக்காது.

விதி நின்றது, காரணம் மறைந்தது

செயல் மட்டும் தொடர்ந்து, அதன் காரணம் மறந்து போவதும் உண்டு. உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி நெஞ்சை உலுக்கும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியருக்கு உரிய ஏடுகள் இருந்தன என்று கேள்விப்பட்டு அவர் தேடிச் சென்றார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து அக்கினியில் இட வேண்டும் என்று ஆகமம் கூறுவதால், அவ்வாறே செய்துவிட்டோம் என்ற விடை கிடைத்தது.

தூய நூல் குப்பையில் கிடந்து மிதிபடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி அது. முதலில் புதுப்படி எடுத்துக்கொண்டு, அதன் பின்னரே பழையதை அக்கினிக்கு அளிப்பதுதான் அறிவுடைமை. படியெடுக்கும் பாதி மறந்து, எரிக்கும் பாதி மட்டும் நினைவில் நின்றுவிட்டது. செய்தவர்கள் பக்தி இல்லாதவர்கள் அல்லர். விதியைப் பிசகாமல் நிறைவேற்றியதாகவே நம்பினார்கள். எப்படிச் செய்வது என்பதோடு ஏன் செய்கிறோம் என்பதையும் சொல்லிக் கொடுக்காவிட்டால் நேரும் இழப்பு இத்தகையது.

பெரிய கோயிலின் ஏற்பாடு

இந்த ஆபத்தை முதலாம் இராசராச சோழன் நன்கு உணர்ந்திருந்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்தான். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் நிவந்தமாக அளித்தான். இவற்றைக் கல்வெட்டு தெளிவாகக் கூறுகிறது.

அக்கோயிலின் பணியாளர் கல்வெட்டுகளில் காணும் ஒரு விதி எண்ணி எண்ணி மகிழத் தக்கது. பணியில் உள்ளவர் இறந்தாலோ வெளியூர் சென்றாலோ, அவருக்கு நெருங்கிய உறவினர் அந்தக் காணியைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும். உறவினருக்கு அத்திறமை இல்லையெனில், திறமை உள்ள வேறொருவரை இட்டுச் செய்விக்க வேண்டும். உறவினரே இல்லாவிட்டால், உடன் பணிபுரிவோர் தக்கவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உறவுக்கு முன்னுரிமை கொடுத்த மன்னன், திறமைக்கு அதனினும் மேலான இடம் கொடுத்தான். வாரிசு இல்லை என்பதற்காகக் கலை நின்றுவிடக் கூடாது என்பதே அவன் கருத்து. கற்கோயிலைக் கட்டியவனே அதனுள் ஒலிக்கும் குரல் ஓயாதிருக்கவும் வழிசெய்தான்.

கையிலிருந்து கைக்கு

திருமேனி வார்க்கும் கலையும் இவ்வாறே வாழ்ந்து வருகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னங்கீற்றின் ஓலையைத் திருமேனியின் உயரத்துக்கு நறுக்கி, அதைத் தாள அளவுப்படி மடித்து அளவுகோலாக்கிக் கொள்கிறார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவத்தைச் சமைக்கிறார்கள். காவிரியின் வண்டல் மண்ணை அதன்மேல் மெல்லியதாகப் பூசி, பின்னர் கனத்த மண்ணைப் பல அடுக்குகளாக அப்பி, கம்பியால் கட்டுகிறார்கள். சூடேற்றும்போது மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்க்கிறார்கள். ஆறிய பின் மண்ணை உடைத்துத் திருமேனியை எடுக்கிறார்கள். ஓர் அச்சிலிருந்து ஒரே திருமேனிதான் பிறக்கும்.

இவை அனைத்தையும் நூலில் எழுதலாம். உலோகம் பதத்துக்கு வந்துவிட்டதை அதன் நிறம் கண்டு அறிவதையும், மண்ணின் ஈரத்தை விரலால் அறிவதையும் உலைக்களத்தில் உடன் நின்றே கற்க வேண்டும். திருவெண்காட்டுத் திருமேனி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மண்ணிலிருந்து எழுந்து வந்தது. அதுபோன்ற ஒன்றைச் செய்யும் கை ஒருமுறை மறைந்தால் மண்ணைத் தோண்டி எடுக்க முடியாது. இதை உணர்ந்தே 1957இல் மாமல்லபுரத்தில் சிற்பக்கலைப் பயிற்சிக்கென அரசு ஒரு நிலையத்தைத் தொடங்கியது. ஸ்தபதி குடும்பத்தில் பிறவாத இளைஞரும் உளி பிடிக்க அது வழி திறந்தது.

கலசத்து வரகும் வயல் நெல்லும்

கோபுரக் கலசங்களில் வரகு முதலிய தானியங்களை இட்டு வைப்பது வழக்கம். பெருவெள்ளம் வந்து ஊர் அழிந்தாலும் மீண்டும் விதைப்பதற்கு உதவும் என்று பெரியோர் அதற்குக் காரணம் சொல்வதுண்டு. எந்த விதையும் முளைக்கும் ஆற்றலை என்றென்றும் தக்கவைப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்யும்போது பழைய தானியத்தை நீக்கிப் புதியது நிரப்பும் முறையில்தான் அவ்வழக்கத்தின் உயிர் இருக்கிறது. புதுப்பிக்காத சேமிப்பு சேமிப்பாகாது என்பதைக் கலசமே உச்சியில் நின்று சொல்கிறது.

நம் காலத்தில் அதைச் செய்து காட்டியவர் நெல் ஜெயராமன். மறைந்துகொண்டிருந்த பாரம்பரிய நெல் வகைகளை ஊர் ஊராகத் தேடி, 170க்கும் மேற்பட்டவற்றை மீட்டார். 2018இல் அவர் மறைந்தார். மீட்ட விதைகளை அவர் பூட்டி வைக்கவில்லை. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வந்த உழவர்களுக்கு இரண்டு கிலோ விதை நெல் கொடுத்தார். அடுத்த ஆண்டு அவர்கள் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. முதலும் வட்டியும் நெல்லாகவே திரும்பி வந்தன. அத்துடன் அந்த நெல்லை எந்தப் பட்டத்தில் விதைப்பது, எந்த நிலத்தில் நிற்கும், எந்தப் பதத்தில் அறுப்பது என்ற அறிவும் உழவர்களிடம் மீண்டும் குடிபுகுந்தது.

வீட்டில் ஒரு பெட்டகம்

இவை அரசர்க்கும் ஆதீனங்களுக்கும் உரிய காரியங்கள் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு பெட்டகம் இருக்கிறது.

பரணில் பாட்டியின் கல்சட்டி இருக்கும். அதைப் பழக்காமல் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி வைத்து, சில நாள்கள் சூடான வடிகஞ்சியை ஊற்றி ஊற்றி, அதன் பின்னரே இளஞ்சூட்டில் தொடங்க வேண்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இருக்கும். உள்ளே நீர் இல்லாமல் தணலில் வைத்தால் நொடியில் உருகி விழும். பித்தளைப் பாத்திரம் இருக்கும். ஈயம் பூசாமல் அதில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும். மூன்று தலைமுறை உழைக்கக் கூடிய பாத்திரங்கள் இவை. கையாளத் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இல்லையெனில், ஒரே நாளில் பாழாகும். அல்லது எடைக்குப் போகும்.

பூசையறையிலும் அப்படித்தான். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் முறை, வீட்டில் வழிவழியாகப் பாராயணம் செய்யும் பதிகத்தின் மெட்டு, அமாவாசையன்று எவர் எவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற வரிசை, கார்த்திகைப் பொரி உருண்டைக்குப் பாகு எடுக்கும் பதம் ஆகிய இவற்றுள் பல, இன்று ஒரே ஒரு முதியவரின் நினைவில் மட்டும் இருக்கின்றன. கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாமே என்று பிள்ளைகள் கூறுவார்கள். பதிவு செய்வது நல்லதே. அது இக்காலத்துச் செப்பேடு. ஆனால் செப்பேடு பாடுபவரின் தவறைத் திருத்தாது. சுருதி விலகும்போது தொடையில் தட்டி நிறுத்தும் கை அதற்கில்லை.

ஆகவே, பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் உடனிருந்து ஒருமுறையேனும் தாமே செய்து பார்க்க வேண்டும். அவர்கள் பிழை செய்யும்போது பெரியவர்கள் பொறுமையோடு திருத்த வேண்டும். வாங்கித் தாமே செய்து முடித்துவிடக் கூடாது. செய்யும் முறையோடு அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தெளிவான தமிழில் எழுதி, பழையது மங்குமுன் புதிய படி எடுக்க வேண்டும். சொந்தப் பிள்ளைகளுக்கு நாட்டமில்லை என்றால் மனம் வருந்தி நிறுத்திவிட வேண்டாம். உறவில் ஒருவரோ அண்டை வீட்டுக் குழந்தையோ ஆவலுடன் கேட்டால் அவர்களுக்குக் கற்பிக்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இராசராசன் கல்லில் வெட்டி அனுமதித்த வழி அது.

சீர்காழியில் அந்தச் செப்பேடுகள் மண்ணுக்குள் உறங்கிய காலம் முழுவதும், மேலே ஓதுவார்கள் தேவாரம் பாடிக்கொண்டே இருந்தார்கள். அரசுகள் மாறின. பஞ்சங்கள் வந்து போயின. ஒரு ஓதுவாரின் குரல் தளர்ந்தபோது மற்றொருவர் எடுத்துக்கொண்டார். அதனால்தான் 2023இல் செம்பு வெளிவந்தபோது, அதில் இருந்தது இன்ன பாடல் என்று அறிந்து கைகூப்ப மக்கள் இருந்தார்கள். மண் ஒரு சாவியைக் காத்தது. மற்றொன்றை மனிதர்கள் காத்தார்கள்.

அடுத்த முறை சீர்காழி செல்பவர்கள் தோணியப்பரையும் சட்டைநாதரையும் தரிசித்து இறங்கிய பின், ஓதுவார் பாடும் நேரத்தில் சற்று நின்று ஒரு பதிகத்தைக் காதாரக் கேட்டு வர வேண்டும். உடன் வரும் குழந்தையையும் அருகில் அமர்த்திக்கொண்டு கேட்பது இன்னும் சிறப்பு.